பிளாஸ்டிக்கோடு மோதுவது எப்படி: கார்க்குக்காரர்களைப் பார்த்துப் படித்தது

போன ஐப்பசி மழையில் பெங்களூருக்கு அனுப்பிய தோல் செருப்பில் நாற்பது பெட்டி அப்படியே திரும்பி வந்தது. திறந்தால் வெள்ளைப் பூசணம், கூடவே ஒரு மக்கல் வாடை. வாங்கினவரிடம் போனில் எனக்குத் தெரிந்த ஒரே பதிலைச் சொன்னேன்: "சார், ஒரிஜினல் தோல் சார், மழைக்காலத்துல கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்." அவர் கோபப்படவே இல்லை. "சரிங்க, அப்ப அடுத்த ஆர்டரை பி.யு.லயே போட்டுக்கறேன், அது அப்படி இருக்காதுல்ல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பி.யு. என்றால் பாலியூரித்தேன், தோல் மாதிரியே செய்கிற பிளாஸ்டிக்.

பேரணாம்பட்டில் எங்களுடையது சின்ன யூனிட். செருப்பும் கொஞ்சம் ஷூவும் போடுகிறோம். ஷூவில் இன்சோலுக்கும் அடி சோலுக்கும் நடுவே ஒரு பள்ளம் விழும், அதை நிரப்ப கார்க் ஷீட் வெட்டி வைப்போம், நடக்க நடக்க அது போடுகிறவர் பாதத்துக்குத் தகுந்தபடி அமுங்கிக் கொடுக்கும். அந்த ஷீட் போர்ச்சுகலில் ஒயின் பாட்டிலுக்கு மூடி குடைந்த பிறகு மிஞ்சிய பட்டையை அரைத்துச் செய்தது என்று ஏஜென்ட் ஒருமுறை சொல்லியிருந்தார். பெட்டி திரும்பி வந்த வாரம் வேலை ஓடாமல் உட்கார்ந்திருந்தபோது இந்தக் கார்க்குக்காரர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஒயினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, குடிப்பதும் இல்லை. ஆனால் படித்தது முழுக்க நம்ம ஊர் கதை. மரத்தின் பட்டையை விற்கிறவர்கள், எதிரே பிளாஸ்டிக்கும் அலுமினியமும், வாங்குகிறவர் சொன்ன புகாருக்கு நான் சொன்ன அதே பதில். அந்தப் பதிலால் அவர்கள் இழந்ததும், பிறகு கொஞ்சம் மீட்டதும்தான் இது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் தோல் தொழிலில் இருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன், குடியாத்தத்தில் கைத்தறி லுங்கி வைத்திருக்கிறவர்களுக்கும் ஒத்துவரும்.

முதலில் அவர்கள் சரக்கைப் பற்றி ஒரு வார்த்தை. கார்க் என்பது ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. உலகத்தில் விளைவதில் ஏறக்குறைய பாதி போர்ச்சுகலில்தான், அதிலும் அலென்டேஜோ என்கிற தெற்குப் பகுதியில் அதிகம். மரத்தை வெட்டுவதில்லை, கோடையில் கோடரியால் பட்டையை மட்டும் உரிக்கிறார்கள். உள்தோலில் வெட்டு விழுந்தால் மரம் கெட்டுவிடும், அதனால் அது பழகின கைக்குத்தான் வரும், கூலியும் அங்கே விவசாய வேலைகளில் உயர்ந்தது. நட்டு 25 வருஷம் கழித்து முதல் உரிப்பு. அப்புறம் 9 வருஷத்துக்கு ஒருமுறைதான், அதற்குள் கை வைக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. உரித்த வருஷத்தின் கடைசி எண்ணை மரத்திலேயே பெயின்டில் எழுதிவிடுவார்கள். 4 என்று எழுதியிருந்தால் 2024-ல் உரித்தது, அடுத்து 2033-ல். இதில் வேடிக்கை என்னவென்றால் முதல் இரண்டு உரிப்பும் மூடிக்கு ஆகாது, மூன்றாவதுதான் ஆகும், அதாவது மரத்துக்கு நாற்பது வயது தாண்ட வேண்டும். இப்படிப்பட்ட சரக்கை வைத்துக்கொண்டு, மெஷினில் பொலபொலவென்று கொட்டுகிற அலுமினிய மூடியோடு விலையில் மோத முடியுமா? முடியாது. அவர்கள் மோதவும் இல்லை. இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ரெக்சின் விலைக்கு இறங்கிப் போக நினைக்கிறவர் இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

குறையை ஒத்துக்கொள்வதில் ஆரம்பியுங்கள்

கார்க்குக்கு இருந்த நோய் வாடை. மழையில் நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டியை முகர்ந்தால் ஒரு வாடை வருமே, அதேதான் ஒயினில் வரும். 1980-களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் அதற்குக் காரணமான பொருளைக் கண்டுபிடித்தார்கள், சுருக்கமாக டி.சி.ஏ. என்பார்கள். குளோரின் சேர்ந்த ஃபீனால் வகை ரசாயனம் எங்காவது ஒட்டியிருந்து, அதன்மேல் பூஞ்சை வளர்ந்தால், பூஞ்சை அதை டி.சி.ஏ. ஆக மாற்றிவிடும். எவ்வளவு இருந்தால் மூக்குக்குத் தெரியும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். லிட்டருக்கு 4 நானோகிராம் என்று வைத்தால், 12,000 லிட்டர் தண்ணீர் லாரி 20,000 லாரிக்கு ஒரே ஒரு கிராம். அவ்வளவு போதும், ஒயின் கெட்டுவிட்டது என்று சாப்பிடுகிறவர் சொல்லிவிடுவார்.

காரணம் தெரிந்த பிறகும் தொழிலில் பலர் ரொம்ப நாள் ஒத்துக்கொள்ளவில்லை. இயற்கைப் பொருள் அப்படித்தான், எங்கோ சில பாட்டில்தானே, பீப்பாயிலிருந்து வந்திருக்கலாம், குடோன் மரச் சட்டத்திலிருந்து வந்திருக்கலாம் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதில் பொய் இல்லை என்பதுதான் கொடுமை, பீப்பாயிலிருந்தும் அட்டையிலிருந்தும் அந்த வாடை வரத்தான் செய்யும். ஆனால் வாங்குகிறவருக்கு அது தேவையில்லாத விவரம். 2000-ஆம் வருஷம் ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் என்கிற வெள்ளை ஒயின் செய்கிறவர்கள் ஒன்றாகக் கூடி, பாட்டிலையும் மூடியையும் பிரான்சிலிருந்து வரவழைத்து, அலுமினியத் திருகு மூடிக்கு மாறினார்கள். ஒருத்தர் மட்டும் மாறினால் மலிவுச் சரக்கு என்று கடையில் ஒதுக்குவார்கள், எல்லோரும் மாறினால் யாரை ஒதுக்குவது? அடுத்த வருஷமே நியூசிலாந்துக்காரர்கள் திருகு மூடிக்கென்று சங்கமே வைத்துவிட்டார்கள். இன்றைக்கு அந்த நாட்டில் பத்துக்கு ஒன்பது பாட்டிலுக்கு மேல் திருகு மூடிதான். கார்க் இவ்வளவு சரியான பிறகும் அவர்கள் திரும்பி வரவில்லை.

நம்ம பக்கம் வயதானவர்களைக் கேட்டால் இதே மாதிரி ஒன்று சொல்வார்கள். தோலில் பூசணம் பிடிக்காமல் இருக்க பென்டாகுளோரோஃபீனால் போடுவது வழக்கமாக இருந்தது. 1989-ல் ஜெர்மனி அதைத் தடை செய்தபோது இங்கிருந்து போன சரக்குக்குச் சிக்கல் வந்து, பிறகு மாற்று மருந்துக்கு மாறினார்கள். பெயரைக் கவனியுங்கள், அதுவும் குளோரின் சேர்ந்த ஃபீனால்தான். கார்க்கைக் கெடுத்ததும் நம் தோலை மடக்கியதும் ஒரே குடும்பத்துப் பங்காளிகள்.

ஆகவே செய்ய வேண்டியது: திரும்பி வந்த சரக்கை ஒளித்து வைக்காமல் மேஜைமேல் வையுங்கள். வாங்கினவர் சொன்ன வார்த்தையை அவர் சொன்னபடியே ஒரு நோட்டில் எழுதுங்கள். 'நாற்றம்' என்று சொன்னால் நாற்றம் என்றே எழுதுங்கள், 'இயற்கை மணம்' என்று நீங்கள் மாற்றி எழுதினால் வேலை அங்கேயே நின்றுவிடும்.

அப்புறம் குறை நுழைகிற வாசலைத் தேடுங்கள்

கார்க்குக்காரர்கள் கடைசியில் கண்டுபிடித்தது, கோளாறு ஒரு இடத்தில் இல்லை, வழி நெடுகிலும் இருக்கிறது என்பது. மூடியை வெளுக்கக் குளோரின் போட்டார்கள், அதை நிறுத்தி ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு மாறினார்கள். உரித்த பட்டையை மண்மேல் அடுக்கி மாதக்கணக்கில் காயப்போட்டார்கள், அதை சிமென்ட் தரைக்கு மாற்றினார்கள். மரத்தின் அடிப்பாகத்தில் மண்ணோடு ஒட்டியிருக்கிற பட்டையில் தொல்லை அதிகம் என்று தெரிந்ததும் அந்தத் துண்டை மூடிக்கு எடுப்பதையே விட்டார்கள். பட்டையை வேகவைக்கிற தண்ணீரை அடிக்கடி மாற்றினார்கள். இவற்றில் எதற்கும் பெரிய மெஷின் வேண்டாம். மெஷின் அப்புறம்தான் வந்தது: அரைத்த கார்க்கை நீராவியில் கழுவுவது, அழுத்தம் ஏற்றிய கரியமில வாயுவால் வாடையைக் கழுவி எடுப்பது. டியாம் என்ற பெயரில் விற்கிற மூடி இந்த இரண்டாவது வகை, 2000-களின் நடுவில் சந்தைக்கு வந்து நன்றாகப் பிடித்துக்கொண்டது.

எங்கள் கதைக்கு வருகிறேன். திரும்பி வந்த பெட்டியில் ஒன்றை எங்கள் யூனிட்டில் முப்பது வருஷமாக இருக்கிற பாய் கையில் எடுத்தார். செருப்பை வெளியே வைத்துவிட்டு வெறும் பெட்டியை மூக்கருகே கொண்டுபோனார். அப்புறம் செருப்பை வெயிலில் அரை மணி நேரம் போட்டுவிட்டு அதை முகர்ந்தார். "தம்பி, இது தோல் வாடை இல்ல, அட்டை வாடை. அட்டையை எங்க அடுக்கி வெச்சிருந்தீங்க?" அட்டை மாடிப்படிக்குக் கீழே, சுவரை ஒட்டி, தரைமேல் இருந்தது. ஓதம் ஏறுகிற சுவர். அதில்தான் பாலித்தீன் பை போட்டு இறுக்கிக் கட்டி, சிலிக்கா ஜெல் ஒரு பாக்கெட் குறைத்து (நான்தான், இரண்டு ரூபாய் மிச்சம் பார்த்து) அனுப்பியிருக்கிறேன். தோலின்மேல் போட்ட பழியில் பாதி அட்டையுடையது. ஆனால் மேலே சொன்னேனே, வாங்கினவரிடம் இதைச் சொல்லக் கூடாது. சரி செய்ய மட்டும்தான் இது உதவும்.

இப்போது அட்டைகள் மரப்பலகைமேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி இருக்கின்றன. ஒரு ஈரப்பத மீட்டர் வாங்கினோம், தோலில் இரண்டு முள் குத்திப் பார்க்கிற சின்னது. வெட்டும் முன்பு ஒருமுறை, பெட்டி கட்டும் முன்பு ஒருமுறை. எண்ணைப் பெட்டிமேல் பென்சிலில் எழுதுகிறோம்.

நல்ல சரக்கு ஒன்று போதாது, எல்லாம் ஒரே மாதிரி வேண்டும்

நான் படித்ததில் எனக்கு ரொம்ப உறைத்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 1999-ல் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையம் ஒரே ஒயினை 14 வகை மூடி போட்டு அடைத்து வைத்துப் பார்த்தது. 2001-ல் முதல் முடிவு வந்தது. திருகு மூடி போட்டது புதிதாகவே இருந்தது. பிளாஸ்டிக் கார்க் போட்டதில் பல சீக்கிரமே காற்றுப் பட்டு ஓய்ந்துபோயின. இயற்கைக் கார்க்? சில பாட்டில் அருமை, சில பாட்டில் சுமார். ஒரே மூட்டையிலிருந்து எடுத்த மூடிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை.

வியாபாரத்தில் இது எவ்வளவு பெரிய அடி என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்? பையர் இரண்டாம் தரம் என்று தெரிந்து வாங்கினால் சந்தோஷமாக வாங்குவார். முதல் தரம் என்று வாங்கின நூறு ஜோடியில் ஏழு ஜோடி வேறு மாதிரி இருந்தால் அந்த ஏழுதான் அவருக்கு ஞாபகம் இருக்கும். பி.யு.வின் பலம் அது நன்றாக இருப்பதில் இல்லை, நேற்று இருந்த மாதிரியே இன்றும் இருப்பதில்.

கார்க்குக்காரர்கள் இதற்கு இரண்டு வழி பிடித்தார்கள். விலை உயர்ந்த பாட்டிலுக்குப் போகிற மூடியை ஒவ்வொன்றாகச் சோதிப்பது ஒன்று. போர்ச்சுகலின் அமோரிம் நிறுவனம் (1870-லிருந்து இதே தொழில்) 2016-ல் அப்படி ஒரு முறையைக் கொண்டு வந்தது, மூடி ஒன்றுக்குச் சில வினாடிதான், லிட்டருக்கு அரை நானோகிராம் அளவுக்கு மேல் வாடைப் பொருள் இருந்தால் அந்த மூடி வெளியே. இதற்குக் கூடுதல் காசு வாங்குகிறார்கள், ஒயின்காரர்களும் கொடுக்கிறார்கள். இரண்டாவது வழி, விலை குறைந்த பாட்டிலுக்கு அரைத்த கார்க்கை ஒட்டிச் செய்கிற மூடி. அரைத்துக் கலந்துவிட்டால் மரத்துக்கு மரம் இருக்கிற வித்தியாசம் கரைந்துபோகும், எல்லா மூடியும் அண்ணன் தம்பி மாதிரி வரும்.

ஒவ்வொன்றையும் சோதிக்க நம்மிடம் அந்த மெஷின் இல்லை, சரி. ஆனால் வெட்டும் மேஜையில் கிரேடு பிரிக்கிற வேலையை அவசரத்தில் விடாமல் செய்ய முடியும். ஒரு ஜோடியின் இடதும் வலதும் ஒரே தோலின் ஒரே பக்கத்திலிருந்து வந்தால் பாதிப் புகார் குறையும். வயிற்றுப் பக்கத் தோல் இழுபடும், முதுகுப் பக்கம் நிற்கும், இதைக் கலந்து வெட்டிவிட்டு இயற்கைமேல் பழி போடக் கூடாது. நான் போட்டிருக்கிறேன்.

எல்லா விலைக்கும் ஒரு சரக்கு, ஒரு துண்டும் வீணில்லை

இதைச் சுருக்கமாகவே முடிக்கலாம். பட்டையில் மூடி குடைந்த பிறகு மிஞ்சுவதுதான் அதிகம். அதை அரைத்து ஒட்டு மூடி, அந்த ஒட்டு மூடியின் இரு நுனியிலும் நல்ல கார்க் வில்லை ஒட்டி இன்னொரு ரகம், ஷாம்பெயின் மூடியிலும் உடம்பு ஒட்டுக் கார்க்தான், ஒயினில் படுகிற நுனியில் மட்டும் முழுக் கார்க் வில்லை. அதற்கும் கீழே தரை ஓடு, சுவர் அட்டை, எங்கள் ஷூ ஷீட். கடைசியில் வருகிற தூள் பாய்லரில் எரிகிறது. பணம் பெரும்பாலும் மூடியில்தான் வருகிறது, ஆனால் மற்றதெல்லாம் சேர்ந்துதான் அந்த மூடியின் விலையைத் தாங்குகிறது. நம்மிடம் வெட்டுத் துண்டு மூட்டை மூட்டையாக எடைக்குப் போகிறது. சாவி வளையம், பெல்ட் முனை, வாட்ச் வார் என்று யாராவது கேட்டு வந்தால் பேரம் பேசித் துரத்தாதீர்கள்.

பச்சைப் பேச்சு (சுற்றுச்சூழலுக்கு நல்லது என்கிற பேச்சு) கடைசியில்தான்

சரக்கைச் சரி செய்த பிறகு அவர்கள் காட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். மூடி விற்காவிட்டால் மரத்துக்கு மதிப்பு போகும், மதிப்பு போனால் காடு போகும், அங்கே இருக்கிற ஐபீரிய லின்க்ஸ் என்கிற காட்டுப்பூனையும் போகும். 2006-ல் உலக வனவிலங்கு நிதியமே இப்படி ஓர் அறிக்கை விட்டது. 2008-ல் ஒரு பெரிய கணக்காய்வு நிறுவனம் செய்த ஆய்வில் கார்க்கைவிடத் திருகு மூடிக்கு 24 மடங்கு கரியமில வாயு வெளியாகிறது என்று வந்தது. ஆனால் அந்த ஆய்வுக்குக் காசு கொடுத்தது அமோரிம். எதிர்த்தரப்பு அதைச் சொல்லிக் காட்டாமல் விடுமா? நல்ல கணக்கையும் நம் காசில் போட்டால் பாதி மதிப்புத்தான்.

நாம் இந்த வழியில் போகும்போது இன்னும் ஜாக்கிரதை வேண்டும். பாலாற்றில் தோல் பதனிடும் கழிவு கலந்தது ஊரறிந்த விஷயம். வேலூர் குடிமக்கள் நலமன்றம் போட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைச் சட்டக் கல்லூரியில் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். குரோம் (குரோமியம் உப்பு) போட்டுப் பதனிட்ட தோலைப் பச்சை என்று சொன்னால் பையர் போனில் இரண்டு நிமிடத்தில் தேடிவிடுவார். சொல்லக்கூடியது வேறு இருக்கிறது. ஆவாரம் பட்டை, கடுக்காய் என்று பட்டையும் காயும் போட்டுப் பதனிடுகிற நம் பழைய ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோலுக்கு 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் தோலை வாங்கி வேலை செய்கிறவர் அதைச் சொல்லலாம், பில்லைக் காட்டியே சொல்லலாம். நான் வாங்குவது பெரும்பாலும் குரோம் தோல், ஆகவே நான் சொல்வதில்லை. எவ்வளவு நாள் உழைக்கும், மறுபடி தைக்க முடியுமா, சோல் மாற்றலாமா, இதை மட்டும் சொல்கிறேன்.

எதிராளியைக் கேலி செய்வதும் வேண்டாம். திருகு மூடி காற்றே விடாமல் அடைத்ததால் சில ஒயினில் அழுகின முட்டை வாடை வருகிறது என்று கார்க்குக்காரர்கள் கொஞ்ச நாள் சந்தோஷப்பட்டார்கள். மூடிக்காரர்கள் உள்ளே வைக்கிற வில்லையை மாற்றி, எவ்வளவு காற்று வேண்டுமோ அவ்வளவு விடுகிற மாதிரி செய்துவிட்டார்கள். பிளாஸ்டிக் கார்க்குக்காரர்கள் கரும்பிலிருந்து எடுத்த பிளாஸ்டிக்குக்குப் போய், பச்சைப் பேச்சையும் எடுத்துக்கொண்டார்கள். இங்கேயும் கள்ளிச்செடி, அன்னாசி நார் என்று 'தோல்' வந்துகொண்டிருக்கிறது. நாளைக்கு அதன் குறையும் சரியாகும்.

அவர்களிடம் மிச்சம் இருக்கிற ஒன்றை மட்டும் யாரும் பறிக்க முடியவில்லை, திறக்கும்போது வருகிற அந்தச் சத்தம். ஓட்டலில் மேஜைமுன் நின்று மூடியை இழுத்து, 'டப்' என்று சத்தம் வந்து, மூடியை ஒருமுறை முகர்ந்து பார்க்கிற சடங்குக்காகவே விலை உயர்ந்த ஒயினில் கார்க் நிற்கிறது. 2013-ல் கையாலேயே திருகி எடுக்கிற கார்க் ஒன்றைக்கூடச் செய்தார்கள், மூடி இழுக்கிற திருகாணி வேண்டாம், சத்தம் மட்டும் வேண்டும் என்று. நமக்கு அந்தச் சத்தத்தின் இடத்தில் இருப்பது பெட்டியைத் திறந்ததும் வருகிற தோல் மணம். அதில்தான் நான் அட்டை வாடையை ஏற்றி அனுப்பியிருந்தேன்.

பெங்களூர்க்காரருக்கு மீட்டர் எண்ணோடு பெட்டியைப் போட்டோ எடுத்து அனுப்பினேன், விளக்கம் எதுவும் எழுதவில்லை. மூன்று வாரம் கழித்து இரண்டு டஜன் கேட்டார். பி.யு. ஆர்டர் அவரிடம் அப்படியேதான் ஓடிக்கொண்டிருக்கிறது. பாய் இரண்டு டஜனையும் கட்டும் முன் ஒவ்வொரு பெட்டியாக முகர்ந்து பார்த்தார், ஒன்றைத் தள்ளி வைத்தார்.